சமூகப் பணியை விட்டு வெளிநாட்டில் ஆங்கிலம் கற்பிக்கப் போவது எப்படி: தர்மபுரி, கிருஷ்ணகிரி களப்பணியாளர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

எம்எஸ்டபிள்யூ என்ற சமூகப்பணி முதுகலைப் பட்டம் முடித்துவிட்டு பென்னாகரம், அரூர், தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி என்று ஊர் ஊராக, வீடு வீடாக அலைந்து வேலை பார்க்கிறவர்கள் இந்த இரண்டு மாவட்டங்களிலும் நிறைய. ப்ராஜெக்ட் இருக்கும்வரை சம்பளம், முடிந்தால் வீட்டில் உட்கார வேண்டியதுதான். 2020-ல் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தைத் திருத்தி, நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பை 50 சதவீதத்திலிருந்து 20 ஆகக் குறைத்தபிறகு, வெளிநாட்டு நிதியை நம்பியிருந்த அமைப்புகளில் ஆட்களுக்குச் சம்பளம் தருவதே சிக்கலாகிவிட்டது. அதனால்தான் இந்தக் கேள்வி இப்போது அடிக்கடி வருகிறது: கொஞ்சம் ஆங்கிலம் இருக்கிறது, பட்டம் இருக்கிறது, வெளிநாட்டில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கப் போகலாமா?

போகலாம். நான் பென்னாகரம் பக்கம் களப்பணியில் இருந்துவிட்டு இப்போது தாய்லாந்தில் ஒரு பள்ளியில் ஆங்கிலம் எடுக்கிறேன். ஆனால் வரிசை முக்கியம். பெரும்பாலானவர்கள் முதலில் பணம் கட்டி ஏதோ ஒரு ஆன்லைன் கோர்ஸ் முடிக்கிறார்கள், அப்புறம் நாட்டைத் தேடுகிறார்கள், அதன்பிறகுதான் தங்கள் பாஸ்போர்ட்டுக்கு அந்த நாட்டில் கதவே இல்லை என்று தெரிகிறது. அதனால் நாடு முதலில், அப்புறம் உங்கள் ஆங்கிலம், அப்புறம் சான்றிதழ். காகித வேலையை மட்டும் இன்றைக்கே தொடங்கிவிடுங்கள், அதற்குத்தான் அதிக நாள் பிடிக்கும்.

எந்த நாடு நமக்குத் திறந்திருக்கிறது

தென்கொரியாவின் இ-2 விசா பொதுவாக அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய 7 நாட்டவருக்கானது. சீனாவும் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட நாட்டவரைத்தான் பொதுவாக எடுக்கிறது. ஜப்பானில் நம் போன்றவர்களிடம் 12 வருடம் ஆங்கில வழியில் படித்ததற்கான சான்று கேட்பார்கள். அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்துவிட்டு வந்த நம்மில் பெரும்பாலானவர்களுக்கு அந்த வாசல் அங்கேயே மூடிவிடும். இதில் உங்கள் திறமைக்கு எந்தச் சம்பந்தமும் இல்லை, மனதை விடாதீர்கள்.

தாய்லாந்து, வியட்நாம், கம்போடியா மூன்றிலும் நம்மவர்கள் வேலை பார்க்கிறார்கள். தாய்லாந்தில் ஒரு பட்டம் வேண்டும், ஆங்கிலம் தாய்மொழி இல்லாதவர்களிடம் டோயிக் என்ற ஆங்கிலத் திறன் தேர்வில் 600 மதிப்பெண் பரவலாகக் கேட்பார்கள். பி.எட். இல்லாதவர்களுக்காக, குருசபா என்கிற அந்நாட்டு ஆசிரியர் மன்றத்திடம் பள்ளியே தற்காலிக அனுமதி வாங்கித் தரும். வியட்நாமில் ஒர்க் பெர்மிட்டுக்குப் பட்டம், ஆங்கிலம் கற்பிக்கும் சான்றிதழ், போலீஸ் சான்று, மருத்துவப் பரிசோதனை எல்லாம் வேண்டும். சம்பளத்தில் பாகுபாடு உண்டு, அதை மறைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. தாய்லாந்தில் பிரிட்டிஷ், அமெரிக்க பாஸ்போர்ட் வைத்திருப்பவருக்கு மாதம் 30,000 பாட் (தாய்லாந்துப் பணம்) என்ற அளவுக்கு மேல் தருகிற பள்ளி, அதே வகுப்புக்கு நமக்குக் குறைவாகத்தான் பேசும். அது அநியாயம்தான். இருந்தாலும் தெரிந்துகொண்டு போவது நல்லது.

வளைகுடா நாடுகளும் மாலத்தீவும் வேறு கணக்கு. வளைகுடாவில் சிபிஎஸ்இ பாடத்திட்டத்தில் நடக்கும் இந்தியப் பள்ளிகள் பி.எட். உள்ளவர்களைத்தான் தேடும். மாலத்தீவில் இந்திய ஆசிரியர்கள் பல வருடங்களாகவே இருக்கிறார்கள், அங்கும் பாட ஆசிரியருக்குப் பட்டத்தோடு கல்வியியல் தகுதி கேட்பார்கள், வேலை பெரும்பாலும் தலைநகரிலிருந்து தள்ளி ஒரு சின்னத் தீவில் கிடைக்கும். இளங்கலையில் ஆங்கிலம் படித்துவிட்டு எம்எஸ்டபிள்யூ போனவர் என்றால், 2 வருடம் ஒதுக்கி பி.எட். முடிப்பது நிச்சயம் வீண் போகாது. இளங்கலை சமூகப்பணி படித்தவர்கள் பி.எட். சேர்க்கைக்கு அந்தப் பாடம் செல்லுமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள், அப்புறம் பணம் கட்டுங்கள்.

உங்கள் ஆங்கிலத்தை நேர்மையாக எடைபோடுங்கள்

நன்கொடையாளருக்கு ரிப்போர்ட் எழுதிய ஆங்கிலமும் வகுப்பில் பேசுகிற ஆங்கிலமும் ஒன்றில்லை. ரிப்போர்ட்டில் ‘எம்பவர்மென்ட்’, ‘சஸ்டெயினபிள்’ எல்லாம் சரளமாக வரும், ஆனால் பத்து வயதுப் பிள்ளைக்குப் புரிகிற மாதிரி ‘கதவைச் சாத்திவிட்டு உட்கார்’ என்று சுருக்கமாகச் சொல்ல வாய் தடுமாறும். முதலில் ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வின் மாதிரித் தேர்வு ஒன்றை எழுதிப் பாருங்கள், இலவசமாகவே கிடைக்கிறது. உண்மையான தேர்வை வேலை தேடும் காலத்துக்கு அருகில் எழுதுங்கள், ஏனென்றால் ஐஇஎல்டிஎஸ், டோயிக் இரண்டின் மதிப்பெண்ணும் 2 வருடத்துக்குத்தான் செல்லும். நம் ஊரிலிருந்து சென்னையைவிட பெங்களூரு பக்கம், தேர்வு மையத்தை அங்கேயே பாருங்கள்.

உச்சரிப்பில் நம் பக்கத்துக்காரர்களுக்கு வருகிற சிக்கல்கள் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான். முட்டைக்கான சொல்லை ‘எக்’ என்று தொடங்காமல் ‘யெக்’ என்போம். ‘ஸ்கூல்’ என்பதற்கு முன்னால் ஒரு ‘இ’ ஒட்டிக்கொள்ளும். மிருகக்காட்சிச் சாலையை இசட் ஒலி இல்லாமல் ‘ஜூ’ என்போம், ‘ஃபேன்’ ‘பேன்’ ஆகிவிடும். இவற்றைவிட முக்கியமானது அழுத்தம். ஆங்கிலத்தில் ஒரு சொல்லின் ஓர் அசை மட்டும் ஓங்கி ஒலிக்கும், நாமோ எல்லா அசையையும் ஒரே கனத்தில் சொல்லிவிடுகிறோம். கேம்பிரிட்ஜ் அகராதியின் தளத்தில் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒலி இருக்கிறது. அதைக் கேட்டு, போனில் உங்கள் குரலைப் பதிவுசெய்து, இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள். வெள்ளைக்காரர் மாதிரிப் பேச வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. பாங்காக்கில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்குத் தெளிவாகப் புரிந்தால் போதும்.

இலக்கணத்தில் ‘ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்’ மாதிரி நம் வாயில் ஊறிப்போன வாக்கியங்களை முதலில் களையுங்கள். அப்புறம் காரணத்தைக் கற்றுக்கொள்ளுங்கள். ‘ஐ லாஸ்ட் மை கீ’ என்பதற்கும் ‘ஐ ஹேவ் லாஸ்ட் மை கீ’ என்பதற்கும் என்ன வித்தியாசம் என்று ஒரு மாணவர் எழுந்து கேட்டால், இரண்டாவதில் சாவி இன்னும் கிடைக்கவில்லை என்ற பொருள் இருக்கிறது என்று உடனே சொல்லத் தெரிய வேண்டும்.

சான்றிதழில் ஏமாறாமல் இருக்க

ஆங்கிலம் கற்பிக்கும் பயிற்சிக்கு டெஃபல், டெசால் என்ற பெயர்களில் யார் வேண்டுமானாலும் கோர்ஸ் நடத்தலாம், உலகத்துக்கே பொதுவாக அனுமதி தருகிற ஒரே அமைப்பு என்று எதுவும் கிடையாது. அதனால்தான் ‘இன்று மட்டும் 90 சதவீதத் தள்ளுபடி’ விளம்பரங்கள் கொட்டுகின்றன. பள்ளிகள் பரவலாக ஏற்கிற குறைந்தபட்ச அளவு 120 மணி நேரம். கேம்பிரிட்ஜின் செல்டாவும் டிரினிட்டி கல்லூரியின் செர்ட்டெசாலும் இதில் உயர்ந்தவை, காரணம் நிஜ மாணவர்கள் முன்னால் நீங்கள் 6 மணி நேரம் பாடம் எடுக்க வேண்டும், பயிற்றுநர் பின்னால் உட்கார்ந்து பார்த்துக் குறிப்பு எழுதுவார். செல்டாவை முழுநேரமாகப் படித்தால் 4 முதல் 5 வாரம், ஆன்லைனிலும் உண்டு. செலவு லட்சத்தைத் தாண்டும்.

என் கருத்து இது: கையில் காசு இல்லாமல் முதல் வேலைக்காகத் தாய்லாந்தையோ வியட்நாமையோ பார்க்கிறவர், ஓரளவு நல்ல பெயருள்ள 120 மணி நேர கோர்ஸை முடித்துவிட்டு, மிச்சப் பணத்தை விமானச் செலவுக்கு வைத்துக்கொள்ளலாம். செல்டாவை ஒன்றிரண்டு வருடம் கழித்து அங்கிருந்தே படிக்கலாம். கடன் வாங்கிச் செல்டா படிக்க நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

களத்தில் கற்றதை வகுப்புக்குக் கொண்டுபோவது

இந்த இடத்தில்தான் நமக்குப் பெரிய பலம் இருக்கிறது, அதை நம்மில் பலர் உணர்வதே இல்லை. கிராமத்தில் ஒரு தாய்மார் கூட்டம். வயிற்றுப்போக்கு வந்தால் உப்புச் சர்க்கரைக் கரைசல் தருவது எப்படி என்று சொல்லி முடித்துவிட்டு ‘புரிஞ்சுதாம்மா?’ என்று கேட்டால் அத்தனை தலையும் ஆடும். புரியாதவரும் ஆட்டுவார். அனுபவமுள்ள களப்பணியாளர் அப்படிக் கேட்கமாட்டார். ‘ஒரு லிட்டர் தண்ணிக்கு எத்தனை ஸ்பூன் சர்க்கரை போடுவீங்க? உப்பு எவ்வளவு?’ என்று கேட்பார். ஆறு ஸ்பூன், அரை ஸ்பூன் என்று பதில் வருகிறதா, வேறு ஏதாவது வருகிறதா என்பதில் எல்லாம் தெரிந்துவிடும். ஆங்கிலம் கற்பிக்கும் பயிற்சியில் இதையே கருத்தைச் சோதிக்கும் கேள்விகள் என்று தனிப் பாடமாக வைத்திருக்கிறார்கள். ‘அவர் 2019-ல் சேலத்தில் குடியிருந்தார்’ என்ற வாக்கியத்தை ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு ‘அண்டர்ஸ்டாண்ட்?’ என்று கேட்டுப் பயனில்லை. ‘அவர் இப்போது சேலத்தில்தான் இருக்கிறாரா? நமக்குத் தெரியுமா?’ என்று கேட்க வேண்டும்.

அடுத்தது அமைதியைத் தாங்குவது. கேள்வி கேட்டுவிட்டு யாரும் பேசாத அந்தச் சில நொடிகளில் புது ஆசிரியர்கள் பதறிப்போய் தாங்களே பதிலைச் சொல்லிவிடுவார்கள். கூட்டத்தில் ஒரு பெண் வாய் திறக்கும்வரை காத்திருந்து பழகியவர்களுக்கு அது தானாக வரும். ஒருவரே பேசிக்கொண்டிருந்தால் அவரைப் புண்படுத்தாமல் அடுத்தவருக்குத் திருப்பிவிடுவது, குழுக்களாகப் பிரித்து உட்கார வைப்பது, சுவரில் சார்ட் ஒட்டி அதைச் சுற்றிப் பேச வைப்பது, எல்லாம் நமக்குப் பழக்கமான வேலை. சுய உதவிக் குழு என்ற முறையே 1989-ல் தர்மபுரி மாவட்டத்தில்தான் அரசுத் திட்டமாகத் தொடங்கியது, குழுவைப் பேச வைக்கிற கலையில் நம் மாவட்டத்துக்கு நல்ல வயது ஆகிறது.

நம்மிடம் இல்லாத ஒன்றும் உண்டு. நாம் எப்போதும் தமிழில்தான் பேச வைத்திருக்கிறோம். மாணவருக்கும் உங்களுக்கும் பொதுவான மொழியே இல்லாதபோது எப்படிப் பாடம் எடுப்பது? இதற்குப் பயிற்சி எடுக்க ஓசூரைவிட நல்ல இடம் பக்கத்தில் கிடையாது. சிப்காட் பக்கம் ஒடிசா, பீகார், அசாமிலிருந்து வந்து குடியிருக்கும் குடும்பங்கள் ஏராளம், உள்ளூரிலேயே தெலுங்கும் கன்னடமும் பேசுகிற வீடுகள் உண்டு. வாரத்துக்கு இரண்டு மாலை, பத்துப் பேரைச் சேர்த்து இலவசமாகப் பேச்சு ஆங்கிலம் எடுங்கள். படம், சைகை, பொருள், கைவிரல் இவற்றை மட்டும் வைத்து எடுங்கள், தமிழும் வேண்டாம், அரைகுறை இந்தியும் வேண்டாம். நாலைந்து வாரத்தில் உங்கள் பேச்சு தானாகவே சுருங்கி, தெளிவாகிவிடும். பெற்றோர் அனுமதியோடு ஒரு வகுப்பை 15 நிமிடம் வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பள்ளிகள் மாதிரி வகுப்பு கேட்கும்போது அது கைகொடுக்கும். இல்லம் தேடிக் கல்வி என்ற தமிழக அரசுத் திட்டத்தில் தன்னார்வலராக இருந்தவர்கள் அந்தச் சான்றையும் பத்திரமாக எடுத்து வையுங்கள், பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்ததற்கு அது ஆதாரம்.

பயோடேட்டாவை எப்படி எழுதுவது

திட்டங்களின் பெயர், நன்கொடையாளரின் பெயர் எல்லாம் அங்கே யாருக்கும் ஒன்றும் சொல்லாது. ‘வளரிளம் பெண்கள் திட்ட ஒருங்கிணைப்பாளர்’ என்பதை, எந்த வயதினர், எத்தனை பேர், வாரத்துக்கு எத்தனை அமர்வு, என்ன கற்றுக்கொடுத்தீர்கள் என்று விரித்து எழுதுங்கள். குழந்தைகள் பாதுகாப்பில் வேலை பார்த்திருந்தால் அதை மேலே கொண்டுவாருங்கள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ன் போக்சோ சட்டம், 2015-ன் இளைஞர் நீதிச் சட்டம் இவற்றின்கீழ் வழக்குகளைக் கையாண்டவர், குழந்தை சொல்வதை எப்படிக் கேட்க வேண்டும், யாரிடம் சொல்ல வேண்டும், எதை எழுதி வைக்க வேண்டும் என்று அறிந்தவர். நல்ல சர்வதேசப் பள்ளிகள் இதைத்தான் நேர்காணலில் துருவித் துருவிக் கேட்கும். சான்றாளராக இரண்டு பேரின் பெயரைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். அனுபவச் சான்றிதழை ப்ராஜெக்ட் முடிவதற்கு முன்பே கையெழுத்தோடு வாங்கிவிடுங்கள், அமைப்பு மூடிய பிறகு கையெழுத்துப் போட ஆளைத் தேடி அலைய வேண்டியிருக்கும்.

பெயரும் இனிஷியலும்

காகித வேலைகளிலேயே அதிகம் பேரை மாட்டிவிடுவது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் ‘கவிதா எம்’, பட்டத்தில் ‘எம். கவிதா’, ஆதாரில் ‘கவிதா’, பாஸ்போர்ட்டில் ‘கவிதா முனுசாமி’. நமக்கு நாலும் ஒரே ஆள். பாங்காக்கிலோ ஹனோயிலோ உட்கார்ந்திருக்கும் அதிகாரிக்கு நாலு ஆள். முனுசாமி என்பது அப்பா பெயர் என்றும், எம் என்பது அதன் முதல் எழுத்து என்றும் அவருக்கு யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். ஆங்கில எழுத்துக்கூட்டலில் ஒரு எழுத்து கூடினாலும் குறைந்தாலும் அதே கதை.

பாஸ்போர்ட் இன்னும் எடுக்கவில்லை என்றால் இனிஷியலை விரித்து, அப்பா பெயரைக் குடும்பப் பெயர் என்ற இடத்தில் போட்டு எடுங்கள். அந்த இடத்தைக் காலியாக விட்டால் பின்னால் படிவம் நிரப்பும்போதெல்லாம் தொல்லை. ஆதாரையும் அதற்கு ஏற்ப மாற்றுங்கள். சான்றிதழ்களில் உள்ள வேறுபாட்டுக்கு, எல்லாப் பெயரும் ஒரே நபரையே குறிக்கின்றன என்று நோட்டரி முன்னால் ஓர் உறுதிமொழிப் பத்திரம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பெயரே முழுக்க வேறாக இருந்தால் அரசிதழில் பெயர் மாற்றம் செய்வதுதான் வழி. கல்யாணத்துக்குப் பிறகு கணவர் பெயரைச் சேர்த்த பெண்கள் திருமணப் பதிவுச் சான்றையும் சேர்த்து வையுங்கள்.

அப்புறம் பட்டம். நம்மில் பலர் ப்ரொவிஷனல் என்ற தற்காலிகச் சான்றை மட்டும் வாங்கிவிட்டு, பட்டமளிப்புச் சான்றிதழை வாங்காமலே விட்டிருப்போம். வெளிநாட்டுச் சான்றொப்பத்துக்கு அந்தப் பட்டச் சான்றிதழ்தான் வேண்டும். பெரியார் பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள் சேலத்துக்கு ஒரு நடை போய் விண்ணப்பித்துவிடுங்கள். அந்தப் பல்கலைக்கழகம் 1997-ல்தான் வந்தது, அதற்கு முன்பு நம் மாவட்டக் கல்லூரிகளில் படித்த மூத்தவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தில் கேட்க வேண்டும். பட்டம் கைக்கு வந்ததும் மாநில உயர்கல்வித் துறையின் சான்றொப்பம், அதன்மேல் வெளியுறவு அமைச்சகத்தின் முத்திரை. ஒருவர் நாட்டு ஆவணத்தை மற்றவர் ஏற்பதற்கான ஹேக் உடன்படிக்கையில் உள்ள நாடு என்றால் அப்போஸ்டில் என்ற அந்த முத்திரையோடு முடிந்தது, இந்தியா அதில் 2005-லேயே சேர்ந்துவிட்டது. ஐக்கிய அரபு அமீரகம், கத்தார் போல உடன்படிக்கையில் இல்லாத நாடுகளுக்கு அவர்களின் தூதரக முத்திரையும் வேண்டும். இ-சனத் என்ற அரசுத் தளத்தில் இதற்கு ஆன்லைனிலும் விண்ணப்பிக்கலாம்.

போலீஸ் சான்றைப் பாஸ்போர்ட் சேவா தளத்திலேயே 500 ரூபாய் கட்டி வாங்கலாம். அதை மட்டும் அவசரப்பட்டு எடுக்காதீர்கள், ஆறு மாதத்துக்கு மேல் பழையதாக இருந்தால் பல இடங்களில் ஏற்கமாட்டார்கள்.

வேலை தேடுவதும் ஏஜெண்டுகளும்

பள்ளிகளின் சொந்தத் தளங்களிலும் ஆசிரியர் வேலைக்கான தளங்களிலும் நேரடியாக விண்ணப்பியுங்கள். வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜெண்ட், 1983-ன் குடிப்பெயர்வுச் சட்டப்படி வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு செய்திருக்க வேண்டும், அந்த அமைச்சகத்தின் இமைகிரேட் தளத்தில் பெயரைப் போட்டால் உரிமம் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். அவர் உங்களிடம் வாங்கக்கூடிய அதிகபட்சக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும். இரண்டு லட்சம், மூன்று லட்சம் என்று கேட்கிறவரிடம் நகையை அடகு வைத்துக் கொண்டுபோய்க் கொடுக்காதீர்கள். தமிழக அரசுக்கே அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் ஒன்று 1978-லிருந்து சென்னையில் இருக்கிறது, அங்கும் பதிவு செய்து வையுங்கள்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். 2022-லிருந்து தாய்லாந்தில் கணினி வேலை, டேட்டா என்ட்ரி என்று நம்பிப்போன தமிழ்நாட்டுப் பிள்ளைகள் பலர், எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடிக்கும், கம்போடியா, லாவோஸில் உள்ள மோசடிக் கூடங்களுக்கும் கடத்தப்பட்டு, ஆன்லைனில் ஏமாற்றும் வேலையைச் செய்யச் சொல்லி அடிக்கப்பட்டார்கள். ஆசிரியர் வேலை என்ற பெயரிலும் யாரும் வலை விரிக்கலாம். ‘சுற்றுலா விசாவில் வா, அங்கே மாற்றிக்கொள்ளலாம்’ என்று யாராவது சொன்னால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். பள்ளியின் பெயரைத் தேடி, அதன் தளத்தில் உள்ள எண்ணுக்கு நீங்களே பேசுங்கள். வீடியோ நேர்காணலில் வகுப்பறையைக் காட்டச் சொல்லுங்கள். மாதிரி வகுப்பு கேட்காமல், சான்றிதழைப் பார்க்காமல், எடுத்த எடுப்பில் வேலை தருவதாக ஒரு பள்ளி சொன்னால் சந்தேகப்படுங்கள். ஒப்பந்தத்தில் வாரத்துக்கு எத்தனை வகுப்பு, விடுமுறை மாதத்தில் சம்பளம் உண்டா, ஒர்க் பெர்மிட் செலவு யாருடையது, இந்த மூன்றும் எழுத்தில் இருக்க வேண்டும்.

கிளம்புவதற்கு முன்

மூன்று மாதச் செலவுக்கான பணம் கையில் இருக்கட்டும், முதல் சம்பளம் வருவதற்குள் வாடகை முன்பணம், சீருடை, போக்குவரத்து என்று கரைந்துவிடும். வங்கியில் சொல்லிக் கணக்கை என்ஆர்ஓ-வாக, அதாவது வெளிநாட்டில் வசிப்பவருக்கான ரூபாய்க் கணக்காக, மாற்றிக்கொள்ளுங்கள்.

உங்கள் கேஸ்களை முறையாக ஒப்படையுங்கள். பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதவிருக்கிற ஒரு பெண்ணின் கல்யாணத்தைப் பேசிப் பேசித் தள்ளிப்போட்டு வைத்திருப்பீர்கள், அவள் அப்பா உங்கள் முகத்துக்காகத்தான் பொறுமையாக இருப்பார். நீங்கள் போய்விட்டீர்கள் என்று தெரிந்த வாரமே பேச்சு மறுபடி தொடங்கும். வேலையை ஏற்கப்போகிறவரை அந்த வீட்டுக்கு நேரில் கூட்டிப் போங்கள், அந்தப் பெண்ணிடம் குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ மறுபடி சொல்லி வையுங்கள், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். கடைசி மாதத்தில் பாஸ்போர்ட்டும் டிக்கெட்டும் தலையை முழுக்க எடுத்துக்கொள்ளும் என்பதால், இதை இரண்டு மாதம் முன்பே தொடங்குங்கள்.

தாய்லாந்துக்குப் போகிறவர்களுக்கு: பள்ளி ஆண்டு மே மாதம் தொடங்கும், இரண்டாம் பருவம் நவம்பரில். அதனால் மார்ச்-ஏப்ரலிலும் செப்டம்பர்-அக்டோபரிலும்தான் ஆள் எடுப்பார்கள், உங்கள் முத்திரைகள் எல்லாம் அதற்கு முன்பே தயாராக இருக்க வேண்டும். வேலைக்கான நான்-பி விசாவோடு போங்கள். போன பிறகு 90 நாளுக்கு ஒருமுறை குடியேற்ற அலுவலகத்தில் முகவரியைத் தெரிவிக்க வேண்டும், தவறினால் அபராதம். பொங்கலுக்கோ வீட்டுக் கல்யாணத்துக்கோ ஊருக்கு வருவதாக இருந்தால், விமானம் ஏறுவதற்கு முன் ரீ-என்ட்ரி பெர்மிட் என்ற மறுநுழைவு அனுமதியை வாங்கிவிடுங்கள். அது இல்லாமல் எல்லையைத் தாண்டினால் நீட்டித்து வாங்கிய விசா அந்த நிமிடமே ரத்தாகும், மறுபடி முதலிலிருந்து விண்ணப்பிக்க வேண்டியிருக்கும்.